லோக்கலில் ஓடும் வொர்க்ஃப்ளோவுக்குத் தான் எந்த ரெபோ என்று தெரியுமா?

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்பது, கோடு மாறும்போது சோதனை, வெளியீடு முதலிய வேலைகளைத் தானே ஓட்டும் வசதி. அந்த வேலைகளின் பட்டியலான வொர்க்ஃப்ளோவை எழுதும் எவருடைய ரெபோவிலும் (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம்) கமிட் வரலாற்றைத் திறந்தாலும் ஒரே ரக வரிகள் வரிசைகட்டி நிற்கும். "சிஐ சரி செய்தது", "சிஐ மறுபடியும்", "இந்தத் தடவை ஓடணும்". சிஐ என்பது இந்தத் தானியங்கி ஓட்டம்தான். வொர்க்ஃப்ளோ எழுதியிருக்கும் யாமல் கோப்பில் ஓர் இடைவெளியைத் திருத்துவோம், கமிட் போடுவோம், கிட்ஹப்புக்குப் புஷ் செய்வோம், அதை ஓட்டும் சர்வரான ரன்னர் கிடைக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்போம், சிவப்புக் குறி விழும், திரும்ப முதலிலிருந்து. 2018 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஆக்‌ஷன்ஸ், 2019 ஆகஸ்டில் யாமலுக்கு மாறி, அந்த நவம்பரில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. இந்தக் காத்திருப்பும் அதோடு சேர்ந்தே வந்தது.

அதைக் குறைக்க கேசி லீ 2019-லேயே கோ மொழியில் எழுதத் தொடங்கிய கருவிதான் ஆக்ட். நம் ரெபோவில் இருக்கும் வொர்க்ஃப்ளோ கோப்புகளைப் படிக்கும், டாக்கர் கன்டெய்னர் ஒன்றை, அதாவது தனித்த ஒரு சின்னக் கணினிச் சூழலை, எழுப்பும், அதற்குள் ஒவ்வொரு ஸ்டெப்பாக ஓட்டிக் காட்டும். புஷ் வேண்டாம், வரிசை வேண்டாம். சின்ன மாற்றங்களுக்கு நான் இதை விட்டு வேறு எதையும் இப்போது தொடுவதில்லை.

ஆக்ட் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் கிளம்புவது அந்தக் கன்டெய்னரை எழுப்பப் பயன்படும் இமேஜ் பற்றிய புகார்தான். முதல் தடவை ஓட்டும்போது அது மூன்று அளவுகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். சிறியது 200 எம்பிக்கும் குறைவு. நடுத்தரம் சுமார் 500 எம்பி. பெரியது இறக்கவே 17 ஜிபி அளவுக்கு வரும், வட்டில் 75 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எது ஓடாவிட்டாலும் "சின்ன இமேஜ் எடுத்ததுதான் காரணம், பெரியதை இறக்கிப் பார்" என்று ஆலோசனை வரும். வீட்டு இணையத்தில் அதை இறக்குவதற்குள் பொழுது விடிந்துவிடும். சில நேரம் அது உண்மையும்கூட, ஏதோ ஒரு கருவி இமேஜில் இல்லாமல் போயிருக்கும். ஆனால் நான் பார்த்தவரை, லோக்கலில், அதாவது நம் கணினியில், ஒரு மாதிரியும் கிட்ஹப் சர்வரில் ஒரு மாதிரியும் நடக்கும் விவகாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இமேஜோடு சம்பந்தமே இல்லை. வொர்க்ஃப்ளோ தன்னை வேறு ஒரு ரெபோ என்று நினைத்துக்கொண்டு ஓடியிருக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சர்வரில் ஒரு ஜாப் (வொர்க்ஃப்ளோவின் ஒரு பகுதி, சில ஸ்டெப்புகளின் தொகுப்பு) ஓடும்போது அதன் கையில் ஒரு பெரிய தகவல் மூட்டை இருக்கும். எந்த ரெபோ, யார் உரிமையாளர், எந்த பிராஞ்ச் (கிளை) அல்லது டேக் (பதிப்புக் குறி), எந்த கமிட், யார் தூண்டினார்கள், என்ன நிகழ்வு என்று எல்லாம் அதில் இருக்கும். கான்டெக்ஸ்ட் என்று நாம் சொல்வது இதைத்தான். யாமலில் கிட்ஹப் என்று தொடங்கிப் புள்ளி வைத்து எழுதும் ஒவ்வொன்றும் அதிலிருந்துதான் வருகிறது. சர்வருக்கு இதில் சிரமமே இல்லை. புஷ் வந்த ரெபோ எது என்று அதற்குத் தெரியும், அங்கேதானே உட்கார்ந்திருக்கிறது.

நம் மடிக்கணினியில் அப்படி இல்லை. இங்கே இருப்பது ஒரு கோப்புறை, அதற்குள் ஒரு கிட் வரலாறு, அவ்வளவுதான். ரெபோவின் பெயர் என்று உள்ளே தனியாக எங்கும் எழுதியிருக்காது. கிட்டுக்கு அது தேவையும் இல்லை. ஆகவே ஆக்ட் ஊகிக்கிறது. கிட் அமைப்பில் ஓரிஜின் என்ற ரிமோட்டை, அதாவது இணையத்தில் இருக்கும் ரெபோவின் முகவரிப் பதிவை, தேடுகிறது, அதன் முகவரியை எடுத்து, கிட்ஹப் டாட் காம் என்ற பகுதிக்குப் பின்னால் வரும் இரண்டு துண்டுகளை உரிமையாளர், ரெபோ என்று பிரித்துக்கொள்கிறது. கமிட் அடையாளத்தை இப்போது செக்அவுட் ஆகியிருக்கும் இடத்திலிருந்து எடுக்கிறது. தூண்டியவர் பெயருக்கு நாம் எதுவும் கொடுக்காவிட்டால் நெக்டோஸ்/ஆக்ட் என்று தன் பெயரையே போட்டுக்கொள்கிறது. ஓட்ட எண் கேட்டால் 1 என்கிறது.

இந்த ஊகம் பெரும்பாலும் சரியாக வரும் என்பதுதான் சிக்கலே. எப்போதும் தவறினால் முதல் நாளே கவனித்திருப்போம்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் சில மாதங்களுக்கு முன் கேட்டார்: "அண்ணா, டெஸ்ட் ஜாப் ஓடுது, பப்ளிஷ் ஜாப் மட்டும் ஓடவே மாட்டேங்குது. எரரும் வரல. இமேஜ் மாத்தணுமா?"

"இமேஜ விடுப்பா. ஓரிஜின் எங்க காட்டுதுன்னு பாரு."

அவருடைய ஓரிஜின் அவருடைய ஃபோர்க்கைக் காட்டியது. ஓப்பன் சோர்ஸ் வேலையில் இதுதானே வழக்கம். மூல ரெபோவை நம் கணக்குக்கு நகலெடுத்து (அதுதான் ஃபோர்க்), அந்த ஃபோர்க்கை நம் கணினிக்கு க்ளோன் செய்வோம். ஓரிஜின் நம்முடையது, மூலம் அப்ஸ்ட்ரீம் என்ற பெயரில் இருக்கும். பப்ளிஷ் ஜாபின் தலையிலோ ஒரு நிபந்தனை: கிட்ஹப்.ரெபாசிட்டரி மூல ரெபோவின் பெயருக்குச் சமமாக இருந்தால் மட்டும் ஓடு. ஃபோர்க் வைத்திருக்கும் ஒவ்வொருவர் கணக்கிலும் பப்ளிஷ் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகப் பராமரிப்பாளர்கள் போடும் காவல் அது. ரொம்ப நல்ல காவல். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. நிபந்தனை பொய், ஆகவே ஜாப் ஓடவில்லை. இதில் பிழை என்று சொல்ல எதுவும் இல்லாததால் பிழைச் செய்தியும் வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வொர்க்ஃப்ளோ பாதி மாயமானது போலத் தெரியும்.

இதற்குத் தீர்வு எளிது. ரிமோட்-நேம் என்று ஒரு ஃப்ளாக், அதாவது கட்டளையோடு சேர்த்து அடிக்கும் விருப்பம், இருக்கிறது. அதற்கு அப்ஸ்ட்ரீம் என்று கொடுத்தால் ஆக்ட் ஓரிஜினை விட்டு அதைப் பார்க்கும். ஃபோர்க்கில் வேலை செய்பவர்களுக்கு இது ஒன்றே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

அடுத்த ரகம், நம்மூரில் ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் பலருக்கும் பழக்கமான இரண்டு கணக்கு விவகாரம். சொந்த வேலைக்கு ஒரு கிட்ஹப் கணக்கு, வாடிக்கையாளர் வேலைக்கு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி எஸ்எஸ்எச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக நம்மை அடையாளம் காட்டுவது). எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் ஆபீஸ் கணக்குக்கு கிட்ஹப்-வொர்க் என்பது போல ஒரு புனைபெயர் வைத்து, ரிமோட் முகவரியிலும் அதையே எழுதியிருப்போம். கிட்டுக்கு அது போதும், எஸ்எஸ்எச் அந்தப் பெயரை உண்மையான முகவரியாக மாற்றிக் கொடுத்துவிடும். புஷ்ஷும் புல்லும் ஒழுங்காக நடக்கும். ஆக்ட் ஆனால் எஸ்எஸ்எச்சிடம் கேட்பதில்லை. முகவரியின் எழுத்துகளை மட்டும் பார்க்கிறது. அதில் கிட்ஹப் டாட் காம் இல்லை என்றால் பெயரைச் சரியாகப் பிரிக்க அதற்கு வழியில்லை. மூலக் கோப்புகளை ஜிப்பாக இறக்கி விரித்தவர்களுக்கும், இன்னும் ரிமோட்டே சேர்க்காத புது ரெபோவுக்கும் இதே கதைதான்.

இந்த இடங்களில் ரிமோட்டை நம்பாமல் பெயரை நேரடியாகச் சொல்லிவிடுவதுதான் என் வழக்கம். கிட்ஹப்-ரெபாசிட்டரி என்ற சூழல் மாறியை, அதாவது பெரிய எழுத்தில் அடிக்கோடு போட்டு எழுதுகிறோமே அதை, ஆக்ட்டின் என்வ் ஃப்ளாக் வழியாகக் கொடுத்துவிடலாம். உரிமையாளர், சாய்கோடு, ரெபோ என்ற வடிவில் கொடுக்க வேண்டும். கொடுத்திருந்தால் ஆக்ட் அதை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால்தான் ரிமோட்டைத் தேடிப் போகும். உரிமையாளர் பெயரைத் தனியாகக் கொடுக்கத் தேவையில்லை, சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், இல்லை. பலரும் வழுக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது.

ரெபோவின் பெயர் கான்டெக்ஸ்டில் ஓர் இடத்தில் மட்டும் இல்லை. கிட்ஹப்.ரெபாசிட்டரி ஒன்று. அது உரிமையாளரையும் பெயரையும் சேர்த்தே தரும். வெறும் பெயர் மட்டும் வேண்டுபவர்கள் கிட்ஹப்.ஈவென்ட்.ரெபாசிட்டரி.நேம் என்று எழுதுவார்கள். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வீட்டிலிருந்து வருகின்றன. முதலாவதை ரன்னர் தருகிறது. இரண்டாவது, நிகழ்வு நடந்தபோது கிட்ஹப் அனுப்பும் ஜேசன் தகவலுக்குள்ளே இருப்பது. சர்வரில் இரண்டும் எப்போதும் கூடவே இருப்பதால் வித்தியாசம் கண்ணில் படாது. லோக்கலில் நிகழ்வு என்று ஒன்று நடக்கவே இல்லையே, அந்த ஜேசனை யார் அனுப்புவது? ஆக்ட் அதில் இயல்புநிலை பிராஞ்சின் பெயரைச் சில வேளை தானே நிரப்பும். மற்றதெல்லாம் காலி.

விளைவு எப்படி இருக்கும் என்றால், கன்டெய்னர் இமேஜ் கட்டும் ஒரு ஜாபை எடுத்துக்கொள்ளுங்கள். இமேஜின் பெயரை, இமேஜ்களை ஏற்றி வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் முகவரி, உரிமையாளர், ஈவென்ட் வழியாக வரும் ரெபோ பெயர் என்று ஒட்டிக் கட்டியிருக்கிறோம். லோக்கலில் கடைசித் துண்டு காலி. பெயர் சாய்கோட்டில் முடிந்து, அதற்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் டேகும் தொங்கும். டாக்கர் "இமேஜ் பெயரின் வடிவம் செல்லாது" என்று கத்தும். ஆள் இமேஜ் கட்டும் குறிப்புகள் உள்ள டாக்கர்ஃபைலைப் போய்ப் புரட்டிக்கொண்டிருப்பார். டாக்கர்ஃபைலில் ஒன்றும் இருக்காது. காலியான மதிப்பு பிழையாக வராது, காலியாகவே வரும் என்பது வொர்க்ஃப்ளோவில் இவற்றை எழுதும் எக்ஸ்பிரஷன் மொழியின் குணம். அது எனக்குப் பிடிக்காத குணம். இல்லாத ஒன்றைக் கேட்டால் அங்கேயே நிறுத்திச் சொல்ல வேண்டும்.

(இதே இடத்தில் சர்வரிலும் ஒரு பொறி உண்டு. ரெஜிஸ்ட்ரியில் இமேஜ் பெயர் சிறிய எழுத்திலேதான் இருக்க வேண்டும். கிட்ஹப்.ரெபாசிட்டரியோ நாம் கணக்கு தொடங்கும்போது பெரிய எழுத்து போட்டிருந்தால் அதையும் அப்படியே தரும். லோக்கலில் பெயரைக் கையால் கொடுக்கிறவர்கள் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் அடித்துவிடுவதால் இங்கே ஓடும், அங்கே உடையும். பெயரைக் கையால் கொடுத்தால் எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள்.)

சரி, ஈவென்ட் காலி என்றால் என்ன செய்வது? இரண்டு வழி. ஒன்று, நாமே ஒரு ஜேசன் கோப்பு எழுதி ஆக்ட்டுக்குக் கொடுப்பது. ரெபாசிட்டரி என்ற பகுதிக்குள் பெயர், முழுப்பெயர், இயல்புநிலை பிராஞ்ச் இவற்றைப் போட்டால் போதும், கிட்ஹப் அனுப்பும் முழு நீள ஜேசனை எழுத வேண்டியதில்லை. டேக் போட்டால் மட்டும் ஓடும் ரிலீஸ் ஜாபைச் சோதிக்கவும் இதே கோப்பு உதவும்: ரெஃப் என்ற இடத்தில் ரெஃப்ஸ், டேக்ஸ், பதிப்பு எண் என்று சாய்கோடு வைத்து எழுதிவிட்டால் புஷ் நிகழ்வு டேக் புஷ் ஆகிவிடும். உண்மையான டேக் எதுவும் போட்டு அழிக்க வேண்டாம். புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்பது) என்றால் ஹெட் (மாற்றம் இருப்பது), பேஸ் (அது சேர வேண்டியது) இரண்டின் பிராஞ்ச் பெயர்களையும் எழுத வேண்டும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. ஈவென்டைக் கேட்கவே கேட்காதீர்கள். ஸ்டெப்புக்குள் ஓடும் ஷெல்லில் கிட்ஹப்-ரெபாசிட்டரி மாறி ஏற்கெனவே இருக்கிறது. பாஷில் சாய்கோடு வரைக்கும் வெட்டிவிட்டு மிச்சத்தை எடுப்பது ஒரே வரி. பெயர் ஓர் இடத்திலிருந்து மட்டும் வந்தால், அந்த ஓர் இடத்தைச் சரியாக வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது.

செக்அவுட் ஆக்‌ஷனிலும் இந்தப் பெயர் மறைமுகமாக விளையாடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஆக்ட்டின் மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது. வழக்கமாக எல்லா ஜாபிலும் முதல் ஸ்டெப், ரெபோவின் கோடை எடுத்து வைக்கும் செக்அவுட். நம் ரெபோவையே எடுக்கச் சொல்லும் செக்அவுட் என்றால் ஆக்ட் அதை இணையத்திலிருந்து இறக்காது. நம் கோப்புறையில் இருப்பதை, கமிட் போடாத மாற்றங்களோடு சேர்த்து, கன்டெய்னருக்குள் நகலெடுத்துக்கொள்ளும். லோக்கலில் ஓட்டுவதன் பயனே அதுதானே. சிலர் செக்அவுட்டில் ரெபாசிட்டரி என்ற உள்ளீட்டை வெளிப்படையாக எழுதி வைத்திருப்பார்கள். அப்போது ஆக்ட் அந்தப் பெயரையும் தான் ஊகித்த பெயரையும் ஒப்பிடும். ஃபோர்க்கில் இருந்தால் இரண்டும் பொருந்தாது. வேறு ரெபோ போலிருக்கிறது என்று முடிவு செய்து கிட்ஹப்பிலிருந்து மூலத்தை இறக்கிவிடும். இப்போது ஓடுவது நீங்கள் திருத்திய கோடு இல்லை, நேற்று மெயின் பிராஞ்சில் இருந்த கோடு. டெஸ்ட் பச்சையாக வரும், அதுதான் இதிலேயே மோசம். ரெபோ பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இன்னொரு சின்ன விஷயம்: கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று கிட்இக்னோரில் எழுதியிருக்கும் கோப்புகளை ஆக்ட் இயல்பாக நகலெடுக்காது. லோக்கலில் கட்டி வைத்த ஏதோ ஒரு கோப்பு உள்ளே இல்லையே என்று தேடுகிறவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

நிறுவனங்களில் பொது வொர்க்ஃப்ளோக்களை ஒரு தனி ரெபோவில் வைத்து மற்ற ரெபோக்கள் அதை அழைக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அந்தப் பொது ரெபோவில் ஒரு வரி மாற்றிச் சோதிக்க அங்கேயும் புஷ், இங்கேயும் புஷ் என்று ஆகிவிடும். ஆக்ட்டில் லோக்கல்-ரெபாசிட்டரி என்ற ஃப்ளாக் வந்த பிறகு இது மாறிவிட்டது. இன்ன ரெபோவின் இன்ன ரெஃப் கேட்கப்பட்டால் என் வட்டில் இருக்கும் இந்தக் கோப்புறையைக் கொடு என்று சொல்லிவிடலாம். தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இனி நான் ரொம்பவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். டோக்கன், அதாவது கிட்ஹப்பில் நம் சார்பாகச் செயல்பட அனுமதி தரும் சாவி.

சர்வரில் ஜாபுக்குக் கிடைக்கும் கிட்ஹப் டோக்கன் அந்த ஒரு ரெபோவுக்கு மட்டுமானது. ஜாப் முடிந்ததும் செத்துவிடும். யாமலில் பெர்மிஷன்ஸ் என்று எழுதி அதை இன்னும் சுருக்கவும் முடியும். லோக்கலில் அப்படி ஒரு டோக்கனை யாரும் உருவாக்கித் தர மாட்டார்கள். ஆகவே நாம் நம்முடைய சொந்த டோக்கனைக் கொடுக்கிறோம். கிட்ஹப்பின் கட்டளை வரிக் கருவியிடம் கேட்டு வாங்கி ஆக்ட்டுக்கு ஊட்டும் ஒரு வரி இணையத்தில் எங்கும் கிடைக்கிறது, எல்லாரும் அதை நகலெடுத்துப் போடுகிறார்கள். அந்த டோக்கன் நம் கணக்கு தொடும் எல்லா ரெபோவையும் தொடும். பெர்மிஷன்ஸ் பகுதியை ஆக்ட் பொருட்படுத்தாது, ஆகவே யாமலில் "படிக்க மட்டும்" என்று எழுதியிருப்பதும் இங்கே காவல் இல்லை.

இதுவரை சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஃபோர்க்கின் பெயரில் ஓடும்போது நிபந்தனை தடுத்துவிடும், பப்ளிஷ் நடக்காது. மூல ரெபோவின் பெயரை நாம் கொடுத்தோம், காவல் திறந்துவிட்டது. கூடவே எழுதும் உரிமையுள்ள உண்மையான டோக்கனையும் கொடுத்தோம். இப்போது மடிக்கணினியிலிருந்து உண்மையான ரிலீஸ் போகும், உண்மையான இஷ்யூவில் கருத்து விழும், உண்மையான இமேஜ் ரெஜிஸ்ட்ரிக்கு ஏறும். சோதனை என்று எந்த இடத்திலும் எழுதியிருக்காது.

ஆகவே எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். உண்மையான பெயரும் உண்மையான டோக்கனும் ஒரே ஓட்டத்தில் சேரக் கூடாது. மூல ரெபோவின் பெயரில் ஓட்ட வேண்டுமா, டோக்கன் கொடுக்காதீர்கள், அல்லது பொது ரெபோக்களைப் படிக்க மட்டும் முடிகிற ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். எழுதும் உரிமையோடு முழுதாகச் சோதிக்க வேண்டுமா, சோதனைக்கென்று ஒரு ரெபோ தொடங்கி அதன் பெயரைக் கொடுங்கள், அந்த ஒரு ரெபோவுக்கு மட்டுமான டோக்கனைக் கொடுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான். தேவையில்லாத ரிலீஸ் ஒன்றைத் திரும்பப் பெறுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதற்குள் யாராவது அதை இறக்கியிருப்பார்கள்.

இதற்கு மேல் ஒரு பூட்டும் போடலாம். ஆக்ட் ஓடும்போது ஆக்ட் என்ற பெயரிலேயே ஒரு சூழல் மாறியை வைக்கிறது. ஆபத்தான ஸ்டெப்பின் தலையில் "அந்த மாறி இல்லாவிட்டால் மட்டும்" என்று நிபந்தனை எழுதிவிட்டால் லோக்கலில் அது தாண்டிப் போய்விடும். ஒன்று கவனிக்க வேண்டும்: இது ஸ்டெப் அளவில்தான் செல்லும். ஜாப் அளவிலான நிபந்தனையில் என்வ் கான்டெக்ஸ்டைப் பயன்படுத்த கிட்ஹப் அனுமதிப்பதில்லை. ஜாபையே நிறுத்த வேண்டும் என்றால் ஈவென்ட் ஜேசனில் ஆக்ட் என்று ஒரு புலம் வைத்து உண்மை என்று எழுதிவிட்டு, கிட்ஹப்.ஈவென்ட்.ஆக்ட் இல்லாதபோது மட்டும் ஓடு என்று சொல்ல வேண்டும். சர்வரில் அந்தப் புலம் இருக்காது, ஆகவே அங்கே வழக்கம்போல ஓடும்.

இத்தனை ஃப்ளாக்குகளையும் தினமும் யார் அடிப்பது என்று கேட்கலாம். யாரும் அடிக்க வேண்டாம். ஆக்ட்-ஆர்சி என்று புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பு இருக்கிறது, வரிக்கு ஒரு ஃப்ளாக். ஹோம் கோப்புறையில் ஒன்று வைக்கலாம், ரெபோவிலும் ஒன்று வைக்கலாம். இமேஜ் தேர்வு, ஆப்பிள் சிலிக்கான் மெஷினில் எந்த ஆர்க்கிடெக்சர் என்பது போன்ற மெஷின் சார்ந்தவை ஹோமில் இருக்கட்டும். ரெபோவின் பெயர், இயல்புநிலை பிராஞ்ச், ஈவென்ட் கோப்பின் பாதை இவை ரெபோவுக்குள் இருக்கட்டும், கமிட்டும் ஆகட்டும். புதிதாக வருபவர் க்ளோன் செய்தவுடன் அவர் ஃபோர்க்கில் இருந்தாலும், எஸ்எஸ்எச் புனைபெயர் வைத்திருந்தாலும், மற்றவர்களுக்கு ஓடுவது போலவே அவருக்கும் ஓடும். ரகசியங்களுக்கான கோப்பு மட்டும் கிட்இக்னோரில்.

அப்புறம், என் எல்லா வொர்க்ஃப்ளோவிலும் முதல் ஸ்டெப்பாக ரெபோ பெயர், ரெஃப், நிகழ்வின் பெயர் மூன்றையும் அச்சிட வைத்திருக்கிறேன். எல்லாக் கான்டெக்ஸ்டையும் ஜேசனாகக் கொட்டிவிடுபவர்களும் உண்டு. எனக்கு மூன்று வரி போதும், யாரும் படிக்காத முந்நூறு வரியை விட. சர்வர் லாகையும் லோக்கல் லாகையும் பக்கத்தில் வைத்தால் எங்கே பிரிகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த மூன்று வரிதான் சமீபத்தில் ஒரு விநோதத்தைக் காட்டிக் கொடுத்தது. நாங்கள் பங்களிக்கும் ரெபோ ஒன்று தனிநபர் கணக்கிலிருந்து ஓர் அமைப்பின் கணக்குக்கு மாற்றப்பட்டது. கிட்ஹப்பில் ரெபோ இடம் மாறினாலும் பெயர் மாறினாலும் பழைய முகவரிக்கு வருவதைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும். புல், புஷ் எல்லாம் நடக்கும். அதனால் எங்கள் மெஷின்களில் இருந்த ரிமோட் பழைய முகவரியிலேயே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கத் தேவையும் வரவில்லை. சர்வரில் புதுப் பெயர் அச்சானது, லோக்கலில் பழைய பெயர். யாமலில் நிபந்தனையைப் புதுப் பெயருக்கு மாற்றியிருந்தார்கள், ஆகவே லோக்கலில் ஒரு ஜாப் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது. உங்கள் ரெபோ எப்போதாவது கைமாறியிருந்தால், பெயர் மாறியிருந்தால், ஒருமுறை ரிமோட் முகவரியைப் பார்த்துவிடுங்கள். பழையது என்றால் கிட்டின் செட்-யூஆர்எல் கட்டளையால் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், ஆக்ட்-ஆர்சியில் பெயர் இருந்தால் அங்கேயும்.